வியாழக்கிழமை முழுக்கு

ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் வெள்ளவத்தையில் முதலில் கேட்பது, "ஏன், ஏதும் வருத்தமோ?" அடுத்தது, "அப்ப கனடாவுக்கோ?" இரண்டும் இல்லை என்றால் மூன்றாவது கேள்வி வருவதில்லை, ஒரு பார்வை மட்டும் வரும். நான் மென்பொருள் எழுதிக் களைத்தவன், அவ்வளவுதான். காலையில் கடலோர ரயில் பாதையை ஒட்டி நடக்கிறேன். பகலில் கவிதை என்று நான் நம்பும் சிலவற்றை எழுதுகிறேன். என் மனைவி அவற்றை அப்படி நம்புவதில்லை.

சென்ற மாதம் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் சிலர் காலி வீதியில் ஒரு கடைக்குத் தேநீருக்கு அழைத்தார்கள். அவர்களுக்கு ஒரு மனச்சாட்சிச் சிக்கல். இப்போது நிரலில் பாதியை இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது, இவர்கள் அதைத் தங்கள் பெயரில் சேமித்துக்கொள்கிறார்கள். "அண்ணை, இது பிழை இல்லையோ?" என்று ஒருவன் வடையைப் பார்த்துக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதுவது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு என்பதைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைக்கிறார்கள். நாங்கள் ஏழு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினோம். அப்போது இயந்திரம் நாங்கள்.

கடையில் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தை நீட்ட விரும்பவில்லை. பம்பலப்பிட்டியில் மூன்று மாடி ஏறி ஒரு டிப்ளோமா, மருதானையில் மின்விசிறி சுழலாத ஓர் அறையில் சில ஆண்டுகள். அந்த நாட்களில் ஒரு நிரலின் வரலாறு என்பது அதன் கோப்புப் பெயர்கள்தான்: ‘பைனல்’, ‘பைனல் இரண்டு’, ‘உண்மையான பைனல்’, ‘இதைத்தான் அனுப்பவும்’. ‘இதைத்தான் அனுப்பவும்’ என்பதை ஒருவரும் அனுப்பியதில்லை.

பிறகு கிட் வந்தது. யார் மாற்றினார், எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற மூன்றையும் ஒவ்வொரு மாற்றத்தோடும் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் முறை அது. அந்த அடுக்கின் முழுப் பிரதி ஒவ்வொருவரின் மடிகணினியிலும் இருக்கும். எல்லோருக்கும் பொதுவான பிரதி தூரத்தில் ஒரு வழங்கியில் இருக்கும். அந்தத் தூரத்துப் பிரதியை ரிமோட் என்போம். நாம் எழுதியதை அதற்குள் தள்ளுவோம், பிறர் தள்ளியதை அங்கிருந்து எடுத்து வருவோம். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எங்கள் முகாமையாளருக்கு இதில் முக்கால்வாசி தெரியும்.

எங்களுக்கு இரண்டு ரிமோட்டுகள். ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீடு என்றுதான் சொல்ல வேண்டும்: கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், யாரோ குடும்பம் நடத்திய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொம்பனி ஆக்கியிருந்தார்கள். பெரிய படுக்கையறையின் சுவர் அலுமாரியில், சேலைகள் தொங்கிய இடத்தில், வழங்கி உறுமிக்கொண்டிருக்கும். கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. வழங்கியின் திருகாணியைத் தொட்டால் செந்தூளாக விரலில் ஒட்டும். ரயில் போகும்போதெல்லாம் திரையில் இருக்கும் எழுத்துகள் ஒருமுறை சிலிர்த்து அடங்கும், குளிர் தண்ணீரில் கால் வைத்த மாதிரி.

மற்ற ரிமோட் வாடிக்கையாளருடையது. ஐரோப்பாவில், பனி பெய்யும் ஓர் ஊரில் இருந்தது. அங்கே பல மருந்தகங்களில் மருந்துப் போத்தலில் ஒட்டும் சிட்டையை எங்கள் மென்பொருள்தான் அச்சிட்டது. எத்தனை மில்லிலீற்றர், நாளுக்கு எத்தனை வேளை என்பதெல்லாம் அந்தச் சிட்டையில் வரும். அந்த ரிமோட்டுக்குத் தள்ளும் உரிமை எங்களில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. அவர் எங்கள் முகாமையாளர் ஞானசேகரம் சேர்.

சேர் கல்கிசையிலிருந்து ரயிலில் வருவார். கோட்டைக்குப் போகும் கூட்டத்துக்குள் நசிந்து வந்து இறங்கினாலும் சேட்டில் ஒரு மடிப்பு இராது. அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கெட்ட மனிதர் அல்லர். நம் பிறந்தநாளை மறக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் கிடந்தால் தோடம்பழப் பையோடு வந்து கட்டில் ஓரத்தில் நிற்பார். இதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நான் பொய்யன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பசி. வாடிக்கையாளரின் ரிமோட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரே எழுதியவர் பெயர் வருமல்லவா? அந்தப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர் இருக்க வேண்டும்.

"வெளியாலை போறது வீட்டுப் பேரிலைதான் போகவேணும் ஐசே," என்பார். "கலியாணக் கார்ட்டிலை சமையல்காரன்டை பேரை அடிக்கிறவையோ?"

அதற்காகவே வியாழக்கிழமை முழுக்கு.

அதன் ஒழுங்கைச் சொல்கிறேன். வாரம் முழுவதும் நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு கிளையில் எழுதுவோம். கிளை என்பது ஒருவர் தன் வேலையைப் பிறருடையதோடு கலக்காமல் வைத்திருக்கும் தனிப் பாதை. அவருடைய பெயரும் அந்த வாரத்தின் எண்ணும் அதன் தலைப்பு. வியாழன் மதியத்துக்குள் எல்லாக் கிளைகளையும் அலுவலக ரிமோட்டுக்குத் தள்ளிவிட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் நான், மூத்தவன் என்ற முறையில், அவற்றை என் மடிகணினிக்கு எடுத்துப் பார்த்து, "எல்லாம் வந்திட்டுது சேர்," என்று அறிவிப்பேன். சேர் எழுந்து போய்க் கை கழுவுவார். கதவைச் சாத்துவார். குளிரூட்டியைப் பதினெட்டில் வைப்பார். விசைப்பலகையின் மேல் விரித்திருக்கும் லேஞ்சியை, அந்தக் கைக்குட்டையை, எடுத்து நான்காக மடித்து வலப்பக்கம் வைப்பார். பக்கத்தில் சாட்சிக்கு நான்.

பிறகு இரண்டு விரலால் தட்டத் தொடங்குவார். ஐந்து கிளைகளையும் ஒன்றாகச் சேர்ப்பார். எங்கள் பெயர்களும் நேரங்களும் காரணங்களும் கொண்ட முப்பது நாற்பது சிறு மாற்றங்களைப் ரொட்டிக்கு மாக் குழைப்பதுபோல் ஒரே கட்டியாகக் குழைப்பார். கட்டியின்மேல் தன் பெயர். காரணம் என்ற இடத்தில், ‘வாராந்த மேம்பாடுகள்’. அதை ஐரோப்பாவுக்குத் தள்ளுவார். அதையே அலுவலக ரிமோட்டுக்கும் தள்ளிவிட்டு, அங்கிருந்த எங்கள் கிளைகளை ஒவ்வொன்றாக அழிப்பார். அழிக்கும்போது மட்டும் மோதிர விரலைப் பயன்படுத்துவார்.

மறுநாள் காலை நாங்கள் அனைவரும் அவரவர் மடிகணினியில் இருக்கும் பிரதியை அடியோடு அழித்து, புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய பெயர்கள் எங்காவது ஒட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும் என்பது அவர் பயம். வெள்ளி காலை தேநீரோடு மேசை மேசையாக வருவார். "தலை முழுகியாச்சோ?"

"ஓம் சேர்," என்போம்.

நான் முழுகியதில்லை. கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை. அந்த ஒழுங்கையின் இணைப்பில் முழுப் பிரதியையும் இறக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். நான் அழிக்காமல், புதியதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். ரிமோட்டில் ஒரு கிளையை அழித்தால், அதை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பவரிடம் அது தானாக அழிவதில்லை. வெட்டிவிடு என்று அவர் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. தயவுசெய்து இதைத் தூரநோக்கு என்று எடுத்துவிடாதீர்கள். சோம்பல்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றியிருந்தால், சேர்க்கும்போது கிட் நின்றுவிடும். இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாகக் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். பதில் சொல்ல இரண்டையும் வாசிக்க வேண்டும். சேர் அந்தத் தொல்லையை ஒழித்திருந்தார். மூத்தவரின் வரி நிற்கும், இளையவரின் வரி போகும். கோயில் சபைக் கூட்டத்தில் மாலை போடும் ஒழுங்கு எப்படியோ, அப்படி. எனக்கு மேலே அங்கு யாரும் இல்லாததால் இந்த ஒழுங்கில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு மெர்லின் வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, பஸ்ஸில் வருவாள். ஆறு மாதத் தகுதிகாண் காலம், அது முடிந்ததும் நியமனத்தை உறுதிப்படுத்தும் கடிதம் என்பது பேச்சு. ஒரு மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் நாங்கள் எல்லோரும் ‘திருத்தம்’ என்ற ஒரு சொல்லை எழுதுவோம். இவள் நான்கு வரி எழுதுவாள்.

"எப்பிடியும் வியாழக்கிழமை போயிடும் பிள்ளை. ஏன் மினக்கெடுறீர்?" என்று கேட்டேன்.

"எழுதுறப்பதான் அண்ணே, நான் என்ன செஞ்சேன்னு எனக்கே புரியுது."

நான் சிரித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவனின் சிரிப்பு எப்படி இருக்குமோ, அப்படி.

அவளுடைய ஐந்தாம் மாதத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு வேண்டுகோள். சிட்டையில் எண்கள் நீளமாக வருகின்றன, சுருக்கித் தாருங்கள். பத்து நிமிட வேலை. எல்லா அளவையும் கிட்டிய முழு எண்ணுக்குக் கொண்டுபோய்விட்டேன். நாலே முக்கால் வந்தால் ஐந்து. காரணம் என்ற இடத்தில் ‘திருத்தம்’ என்று போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அதே வாரம் குழந்தைகளுக்கான மருந்துப் பகுதி மெர்லினிடம் இருந்தது. அவளும் அதே வரியில்தான் கை வைக்க வேண்டியிருந்தது. அவளும் சுருக்கினாள், ஆனால் குழந்தைகளுக்கு அரையை அரையாகவே விட்டாள். அரை மில்லிலீற்றரை முழுதாக்கினால் ஒன்று. கைக்குழந்தைக்கு அது இரண்டு மடங்கு மருந்து. என் வரிக்கு அது தெரியாது. என் வரி வளர்ந்தவர்களுக்காக, பசியோடு எழுதப்பட்டது.

வியாழன். லேஞ்சி மடிந்து வலப்பக்கம் போயிற்று. நடுவில் சேரின் விரல்கள் நின்றன.

"ஐசே, நிண்டிட்டுது. உம்மடையும் அந்தப் பிள்ளையின்டையும்."

திரையில் இரண்டு வரிகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அன்று மாலை ஒரு கவியரங்கில் வாசிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தந்த தலைப்பு ‘சொல்லின் பொறுப்பு’.

"என்டையை வையுங்கோ சேர்."

"வேறை ஆரின்டையை வைக்கிறது?" என்றார் சேர்.

மறுநாள் காலை மெர்லின் தன் கோப்பையோடு என் மேசைக்கு வந்தாள். "அண்ணே, நான் எழுதின வரியக் காணோமே?"

"சேர் பாத்துத்தானே சேர்த்திருப்பார்."

"ஓ," என்றாள். போய்விட்டாள். அப்போது அவள் எங்களை நம்பினாள்.

மூன்று வாரம் கழித்து, அந்தப் பனி ஊரில் ஒரு மருந்தாளர் அம்மா, கைக்குழந்தைக்கான போத்தலில் ஒட்டப்போன சிட்டையைப் பார்த்தார். மருத்துவர் அரை என்று எழுதியிருந்தார். சிட்டை ஒன்று என்றது. பேனாவை எடுத்து வெட்டி, கையால் எழுதிக் கொடுத்தார். ஒரு குழந்தையும் அதைக் குடிக்கவில்லை. மருந்தகங்கள் எல்லாவற்றிலும் தேடிவிட்டுத்தான் சொன்னார்கள். அவர்கள் தேடிய அந்த மூன்று நாட்களும் என்னால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. என் வரி அது என்பது எனக்குத் தெரியும். முழு எண்ணாக்கும் அந்தக் கட்டளையை எனக்கே உரிய ஒரு சோம்பேறி முறையில்தான் எழுதியிருந்தேன்.

பிறகு திரை வழியே ஒரு கூட்டம். அந்தப் பக்கம் அவர்களின் தலைமைப் பொறியியலாளர், இங்கிரிட் என்று பெயர், கூந்தல் நரைத்தவர், சத்தம் போடாதவர். சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த வரியை எழுதியவர் யார் என்று கேட்டார். எங்கள் ரிமோட்டில் திரு. ஞானசேகரம் என்று இருக்கிறது, காரணம் ‘வாராந்த மேம்பாடுகள்’ என்று இருக்கிறது, இந்த மேம்பாட்டை விளக்க முடியுமா என்று கேட்டார்.

ஏழு ஆண்டுகள் அந்தப் பத்தியில் தன் பெயரை மேலிருந்து கீழ்வரை ரசித்த மனிதர், பெயர் என்றால் கடித்துவிடும் ஒன்று என்பதை அன்றுதான் கண்டார். அது தன் தனிப்பட்ட வேலை அல்ல, குழுவின் வேலை என்றார். ‘குழு’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல்முறை. அப்படியானால் குழுவினர் எழுதிய மூல மாற்றங்கள் எங்கே என்று இங்கிரிட் கேட்டார். அவை துப்புரவு செய்யப்பட்டுவிட்டன என்றார் சேர்.

ரயில் ஒன்று போயிற்று, இங்கிரிட்டின் முகம் சிலிர்த்து அடங்கிற்று.

வரியை எழுதியது யார், வேறு யோசனை ஏதும் இருந்ததா, தெரிவு செய்தது யார். மூன்றுக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவ்வளவு நேரமும் நானும் திரையில் ஓர் ஓரத்தில் இருந்தேன். என் பங்குக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை சேர் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது, பதினெட்டில் குளிர்.

"இரும் ஐசே வரதன். அவையளுக்கு ஒரு மெயில் போடவேணும். ரெண்டே வரி. அந்த லைன் மெர்லின் எழுதினது, அவ புதுசு, நாங்கள் கவனிக்காமல் விட்டிட்டம். நீர் போட்டால் நம்புவினம்."

"சேர், அது என்டை லைன்."

"தெரியும் ஐசே." தோடம்பழம் நீட்டும்போது வரும் அதே குரல். "நீர்தானே பக்கத்திலை இருந்தனீர். நான் மறக்கேல்லை."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? உம்மடை பேர் போனால் கொம்பனின்டை பேர் போகும். அவவுக்கு அடுத்த கிழமையோடை தகுதிகாண் காலம் முடியுது. கடிதம் குடுக்காமல் விட்டால் சரி. ஒரு சத்தமும் இராது."

"மருந்திலை பிழை விட்டவ எண்டு கொழும்பு முழுக்கக் கதைக்கும் சேர். பிறகு ஆர் அவவுக்கு வேலை குடுப்பினம்?"

"இளம் பிள்ளைதானே. வேறை பக்கம் போகட்டும். பொம்பிளைப் பிள்ளையளுக்கு டீச்சிங் நல்லது."

அவர் கணக்கு எனக்கு விளங்கிற்று. வரி என்று வந்தால் மூத்தவருடையது நிற்கும். பழி என்று வந்தால் இளையவருடையது நிற்கும். இரண்டிலும் யாரும் எதையும் வாசிக்கத் தேவையில்லை.

நான் எழுந்து நின்று மறுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது, "யோசிச்சுச் சொல்லுறன் சேர்."

மாலை காலி வீதித் தரிப்பிடத்தில் மெர்லின் நின்றாள். கையில் குடை, முகத்தில் ஒன்றுமில்லை. தெரியாதவன்போல் தாண்டிப் போக நினைத்தேன். அதற்குள் கேட்டுவிட்டாள்.

"சேர் என்ன கேட்டாரு அண்ணே?"

"ஒரு மெயில்."

"என் பேர்லயா?"

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

"அண்ணே, அன்னைக்கே உங்ககிட்ட வந்து கேட்டேன்தானே, என் வரியக் காணோம்னு. சேர் பாத்திருப்பாருன்னீங்க. பாத்தாரா?"

"இல்லை."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"ரெண்டு பெரிய மனுசங்க," என்றாள். "நாலு கண்ணு. கண்ணாடியோட எட்டு."

"உம்மடை பழைய பிரதி ஏதும் இருக்கோ பிள்ளை?"

"எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழம வந்ததும் அழிச்சிட்டேன். அழிக்கலன்னா சேர் ஏசுவாருன்னு முதல் நாளே சொல்லிக் குடுத்தது யாரு? நீங்கதானே?"

நான்தான். முழுகாதவன், முழுகக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

"எங்க லேன்ல எல்லாருக்கும் அம்மா சொல்லி வச்சிருக்காங்க, என் மகள் மருந்துக்கு எழுதுறான்னு. இப்ப என்னன்னு சொல்றது? நான் விட்ட பிழைன்னா நானே ஒத்துக்கிட்டுப் போவேன் அண்ணே. சரியா எழுதினதுக்கு எதுக்குப் போகணும்?"

பஸ் வந்தது. நடத்துநர் "கொட்டஹேன, கொட்டஹேன" என்று கத்தினார். அவள் ஏறி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை பாமன்கடையில் என் வீட்டு மேசையில் மடிகணினியைத் திறந்தேன். கிளைகளை எல்லாம் காட்டு என்று ஒரு கட்டளை. அவை வந்தன. ஒன்று, பத்து, நூறு, திரை கொள்ளாமல் கீழே கீழே இறங்கின. அலுவலக ரிமோட்டில் மோதிர விரலால் அழிக்கப்பட்ட ஒவ்வொரு வியாழனும், ஒவ்வொரு பெயரும், ஒன்றுமே நடக்காததுபோல் வரிசையாக நின்றன. விட்டுப்போனவர்கள், கலியாணம் முடித்துப் போனவர்கள், மெல்பேர்னுக்குப் போனவர்கள், எல்லோருடைய வாரங்களும். நான் கவிதையில் எவ்வளவோ பேய்களை எழுதியிருக்கிறேன். இவ்வளவு ஒழுங்கான பேய்களை நான் கண்டதில்லை. வார எண் கூடப் பிசகவில்லை.

மெர்லினின் அந்த வாரத்துக் கிளை இருந்தது. அவள் எழுதிய காரணத்தை அன்றுதான் வாசித்தேன். அதன் தமிழ் இது:

‘கைக்குழந்தைக்கு அரை என்றால் அரைதான். முழுதாக்கினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். வரதன் அண்ணனும் இதே வரியை மாற்றுவார் என்று நினைக்கிறேன். சேர்க்கும்போது தயவுசெய்து இரண்டையும் வாசிக்கவும்.’

அதற்கு மேலே என் கிளை. ‘திருத்தம்.’

அவளுடைய கிளையை மட்டும் அனுப்பியிருக்கலாம். சரியான வரி அவளுடையது என்று நிறுவ அது போதும். பிழையான வரி யாருடையது என்பது கட்டிக்குள் குழைந்தபடியே இருந்திருக்கும். அந்த யோசனையை நான் உடனே துரத்திவிடவில்லை. ஒரு தேநீர் முழுதாக ஆறும்வரை அதோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் பெயர் பிடிக்கும், சேருக்கு அவர் பெயர் பிடிக்கும் அளவுக்குத்தான்.

பிறகு எல்லாவற்றையும் கட்டினேன். கிட் முறையில் ஒரு வசதி உண்டு. முழுப் பிரதியையும், அதிலுள்ள எல்லாக் கிளைகளோடும், ஒரே கோப்பாகக் கட்டி ஒரு பொட்டலம்போல் அனுப்பலாம். பெற்றுக்கொள்பவர் அதையே ஒரு ரிமோட்டாக வைத்து, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வலைத்தொடர்பு இல்லாத இடங்களுக்காகச் செய்த ஏற்பாடு. எங்கள் இடத்தில் வலைத்தொடர்பு இருந்தது, ஆளுக்கு ஆள் தொடர்புதான் இல்லை. நிரல் அவர்களுடைய சொத்து, அதனால் அனுப்புவதில் களவும் இல்லை.

இங்கிரிட்டுக்கு எழுதினேன். பிழையான வரி என்னுடையது. சரியானதை மெர்லின் அதே வாரம் எழுதியிருந்தார். சேர்க்கும்போது இரண்டும் எங்கள் கண்முன் இருந்தன. நானும் முகாமையாளரும் வாசிக்காமலேயே என்னுடையதைத் தெரிவு செய்தோம். சான்று இணைப்பில். சேருக்கும் மெர்லினுக்கும் பிரதி. அனுப்பும் விசையை அழுத்தினேன். சோம்பலில் ஏழு ஆண்டுகள் கழித்தவன், அன்று முதன்முறையாக விரைவாக ஒன்றைச் செய்தேன், மனம் மாறிவிடும் என்ற பயத்தில்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி.

"ஐசே, நீர் தலை முழுகிறேல்லையோ?"

"இல்லை சேர்."

"ஏழு வருசமாயோ?"

"இந்த லப்டொப் வந்து மூண்டு வருசம்தான் சேர்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் வந்து கேக்க ஓம் சேர், ஓம் சேர் எண்டனீர்!"

"ஓம் சேர்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பின்னால் கல்கிசைக் காகங்கள். "ஒழுங்கு தெரியாத மனிசன் ஐசே நீர்," என்றார். தன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்பதல்ல அவர் துயரம். முழுகாமல் முழுகினேன் என்று சொன்னேனே, அதுதான் துயரம்.

திங்கட்கிழமை இங்கிரிட்டின் பதில் வந்தது. நன்றி என்று ஒரு சொல், பிறகு வேலை. பொட்டலத்திலுள்ள மூன்று ஆண்டுகளிலும், இரண்டு வரிகள் மோதிய இடங்கள் எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க வேண்டும். இனி ஒவ்வொருவரும் தத்தம் பெயரிலேயே அவர்களின் ரிமோட்டுக்குத் தள்ள வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்து ஏற்காமல் எதுவும் உள்ளே போகக் கூடாது. அளவுகள் பற்றிய பகுதிக்கு ஏற்கும் பொறுப்பு மெர்லினுக்கு.

சேர் எங்களைக் கூடத்தில் கூட்டினார். சேட்டில் மடிப்பில்லை. "நான் கனநாளாய் யோசிச்சு வந்த ஒரு மாற்றம்," என்று தொடங்கினார். இங்கிரிட்டின் கடிதத்தை அப்படியே தன் திட்டமாக அறிவித்தார். காற்புள்ளியைக் கூட மாற்றவில்லை. அந்தக் குழைக்கும் திறமை மனிதரை விட்டுப் போகவேயில்லை. அடுத்த ஆண்டு இதைவிடப் பெரிய ஓரிடத்துக்குப் போனார். அங்கே ஒளிவுமறைவற்ற நிருவாகம் பற்றி உரையாற்றுகிறாராம். உரை நன்றாக இருக்கிறதாம். யார் எழுதிக் கொடுக்கிறார்களோ.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயமான கடிதம். மோதிய வரிகளை மறுபடி வாசிக்கும் வேலையும் எனக்கே வந்தது. பல இடங்களில் போன வரி சரி, நின்ற வரி பிழை. நின்றவற்றில் பெரும்பாலானவை என்னுடையவை. மூத்தவன் அல்லவா.

மெர்லினின் உறுதிப்படுத்தும் கடிதம் அந்த வாரமே வந்தது, சேரின் கையொப்பத்தோடு. அவள் வந்து நன்றி சொல்வாள் என்று நான் காத்திருந்ததை இங்கே மறைக்கப் போவதில்லை. அதற்கு ஒரு பணிவான முகம் தயாரித்து வைத்திருந்தேன். "அது என்டை கடமை பிள்ளை," என்ற வசனமும் தயார். அவள் என் மேசையைக் கடந்து போகையில், "லெட்டர் வந்திருச்சு அண்ணே," என்றாள். அதே வேகத்தில் போய்விட்டாள். முகம் அப்படியே என்னிடம் தங்கிவிட்டது.

புதிய ஒழுங்கில் நான் முதன்முதலாகத் தள்ளியது சிறிய மாற்றம். இருபது வரி இருக்கும். காரணம் என்ற இடத்தில் இம்முறை நான்கு வரி எழுதியிருந்தேன், கொஞ்சம் அழகாகவே. அரை மணியில் ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. எழுந்து அவள் மேசைக்குப் போனேன். சுற்றியிருந்த தலைகள் திரைகளுக்குப் பின்னால் குனிந்தன.

"என்ன பிள்ளை, என்டையைத் திருப்பியிருக்கிறீர்?"

அவள் நிமிரவில்லை.

"யாரோடதுன்னு பாக்கல அண்ணே. ரெண்டு தரம் வாசிச்சேன். மூணாவது வரி பிழை."

குனிந்து பார்த்தேன். மூன்றாவது வரி பிழைதான்.